அனலாக் மாட்யூல் மதிப்பைப் பிஎல்சிக்குள் கொண்டுவருவது

கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளிலும் ஓசூர் சிப்காட்டிலும் மிட்சுபிஷி எஃப்எக்ஸ் பிஎல்சியை (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பராமரிப்பவர்களுக்கு:

சென்சார் சிக்னலை எண்ணாக மாற்றும் நான்கு சேனல் அனலாக் மாட்யூலான எஃப்எக்ஸ்2என்-4ஏடி, படித்த மதிப்பைத் தன் சொந்த பஃபர் மெமரியில்தான் (மாட்யூலுக்குள் இருக்கும் நினைவகம்) வைத்திருக்கும். நாம் கேட்காமல் அது பிஎல்சியின் டி ரெஜிஸ்டருக்கு (எண்களை வைக்கும் இடம்) வராது. கேட்கும் கட்டளை ஃப்ரம். எழுதும் கட்டளை டூ.

ஃப்ரம் கே0 கே5 டி0 கே4 (கே என்றால் பதின்ம எண்): 0ஆம் மாட்யூலின் பஃபர் மெமரியில் 5ஆம் முகவரி தொடங்கி நான்கு சொற்கள் டி0 முதல் டி3 வரை வரும். முகவரி 5-8 நான்கு சேனல்களின் சராசரி மதிப்பு, 9-12 உடனடி மதிப்பு.

0ஆம் முகவரியில் சேனல் வகை. எச்3331 (எச் என்றால் ஹெக்ஸ் எண்; சேனலுக்கு ஓர் இலக்கம்) என்றால் முதல் சேனல் மட்டும் 4-20 மில்லிஆம்பியர், மற்றவை அணைப்பு. கடைசி இலக்கம்தான் முதல் சேனல். பலர் தலைகீழாக எழுதுவது இங்கேதான். இதை எம்8002 (பிஎல்சி ஓடத் தொடங்கும்போது ஒரு ஸ்கேன் மட்டும் எரியும் பிட்) கொண்டு முதல் ஸ்கேனில், அதாவது புரோகிராமின் முதல் சுற்றில் மட்டும் டூ கட்டளையால் எழுதுங்கள். கரண்ட் சிக்னலுக்கு வி+, ஐ+ முனைகளை இணைத்தே ஆகவேண்டும்.

4-20 மில்லிஆம்பியருக்கு 0-1000 என்ற எண் வரும். டிரான்ஸ்மிட்டர் 0-150 டிகிரி என்றால், மூன்றால் பெருக்கி இரண்டால் வகுங்கள்; விடை பத்தில் ஒரு டிகிரி கணக்கில் வரும். 600 வந்தால் 900, அதாவது 90.0 டிகிரி.

மாட்யூல் எண் சிபியுவுக்கு அருகிலிருந்து 0, 1, 2 எனப் போகும். சாதாரண இன்புட், அவுட்புட் பிளாக்குகள் கணக்கில் வராது. சீசனுக்கு முன் நடுவில் புது மாட்யூல் செருகினால் பின்னால் உள்ளவற்றின் எண் எல்லாம் மாறிவிடும். சந்தேகமென்றால் 30ஆம் முகவரியைப் படியுங்கள்: 4ஏடி என்றால் 2010 காட்டும். பிழைக்கு 29ஆம் முகவரி, அதில் பிட் 2 எரிந்தால் 24 வோல்ட் சப்ளையைப் பாருங்கள்.