மூன்று வார லீவில் முன்பல் இடைவெளியை அடைக்க முடியுமா? பினாங்கு வருபவர்களுக்கு

லீவில் ஊருக்கு வரும் நம் ஆட்கள் எல்லாரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஒரு நாள், லிட்டில் இந்தியாவில் துணி எடுக்க ஒரு நாள், நாசி கண்டார் கறிச்சோற்றுக்குக் கணக்கே கிடையாது, அப்புறம் கடைசியில் "அப்படியே பல்லையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்று ஒரு வரி. நானும் அப்படித்தான் வந்தேன். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வேலை, பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரில் வீடு, மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்து. அது அதிர்ஷ்டப் பல், அதில் கை வைக்காதே என்று அத்தை இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்காமல் போய் அந்தச் சந்தில் பல் நிறப் பசையை ஒட்டிக்கொண்டேன், அதுவும் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள்.

தப்பு அங்கேதான். ஒட்டி முடித்ததும் டாக்டர் ஒரு நீலத் தாளைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்வார், எந்த இடத்தில் சாயம் அழுத்தமாகப் படிகிறதோ அந்த இடம் உயரமாக இருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேய்த்துச் சரி செய்வார். எனக்கும் அவருக்கும் இருந்த அவசரத்தில் அது ஒரு தடவையோடு முடிந்துவிட்டது. பெர்த் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கைக் கடித்தேன், பல்லின் ஓரம் நகக்கண் அளவுக்குப் பிய்ந்து வந்தது. முறுக்கைத் திட்டிப் பயனில்லை. அதைத் திரும்ப ஒட்டுவதற்கு அங்கே கொடுத்த காசு, இங்கே முழு வேலைக்கும் கொடுத்ததைவிட அதிகம். ஆகவே எந்தச் சிகிச்சை நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை நாள் ஊரில் இருப்பீர்கள் என்று கணக்குப் போடுங்கள். பல் வேலையை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள், துணி எடுப்பதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுங்கள்.

நாள் கணக்குக்கு அடுத்தது, சந்து ஏன் வந்தது என்பது. சின்ன வயதிலிருந்தே இருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. தாடை பெரிதாகப் பல் சிறிதாக இருக்கலாம், நாக்கால் முன்பல்லைத் தள்ளும் பழக்கம் இருக்கலாம், மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் நடுவில் தெரியும் அந்தச் சதை நாடா தடிப்பாகக் கீழே வரை இறங்கியிருக்கலாம், சிலருக்கு எலும்புக்குள்ளே கூடுதலாக ஒரு பல் ஒளிந்திருக்கும், அது எக்ஸ்ரேயில்தான் தெரியும். ஆனால் நாற்பது, ஐம்பது வயதில் புதிதாகச் சந்து விழுந்தால் கதை வேறு. என் அம்மாவுக்கு அப்படித்தான், "எனக்கும் உன்னை மாதிரி ஒட்டிவிடச் சொல்லு" என்று கூடவே கிளம்பி வந்தார். டாக்டர் மெல்லிய அளவுக் கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார், சில இடங்களில் ஆழமாக இறங்கியது. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார், இருந்தது. ஈறு நோயில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்து பல் முன்பக்கம் விரிகிறது, சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் அது இன்னும் வேகமாகப் போகும். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை நோய், அதனால் அம்மா அப்பாவை இதற்காகக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒட்டும் வேலையைப் பற்றிப் பேசாமல் முதலில் ஈறைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈறுக்குக் கீழே சுத்தம் செய்து, சில வாரம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அது லீவு முடிந்தும் தொடரும் வேலை, எங்கள் வீட்டில் தங்கச்சி தலையில் விழுந்தது.

பிள்ளைகள் விஷயம் இரண்டு வரிதான். ஏழு வயதிலிருந்து பதினொன்று பன்னிரண்டு வரை முன்பல்லில் சந்து இருப்பது சகஜம், கோரைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் தானாக நெருங்கிவிடும். பாட்டி கவலைப்படுகிறார் என்பதற்காக லீவில் அவசரப்பட வேண்டாம்.

சரி, ஈறு நன்றாக இருக்கிறது, சந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர், கையில் மூன்று வாரம். அப்படியென்றால் என் ஓட்டு காம்போசிட் ஒட்டுக்குத்தான், அதாவது பல் நிறப் பசையைப் பல்லின் ஓரத்தில் அடுக்கி நீல வெளிச்சத்தில் இறுக வைப்பது. பல்லைச் செதுக்குவது கிடையாது, அல்லது மிகக் குறைவு. பெரும்பாலும் ஊசியும் வேண்டாம், ஒரே தடவையில் முடியும், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். விலையும் சில நூறு வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் நிற்கும். குறை என்னவென்றால் ஐந்தாறு வருடத்தில் மெருகு போகும், ஓரம் உடையும், தே தாரேக் என்கிற பால் டீயும் மஞ்சள் கறியும் தினம் உள்ளே போகிற வாயில் சாயம் பிடிக்கும். நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை, முதல் இரண்டு நாளாவது கறிக்குழம்பிலிருந்து தள்ளி நில்லுங்கள், நாசி கண்டாரை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். பசையைச் சும்மா வைத்து, நிரந்தரமாக ஒட்டாமல், எப்படி இருக்கும் என்று காட்டச் சொல்லுங்கள். சந்து பெரிதாக இருந்து இரண்டு பல்லை மட்டும் அகலமாக்கினால் முயல் பல் மாதிரி ஆகிவிடும், அப்போது பக்கத்துப் பல்லுக்கும் கொஞ்சம் பங்கு பிரிக்க வேண்டியிருக்கும். நிறம் பார்க்கும்போது விளக்கை அணைத்து ஜன்னல் பக்கம் போய்ப் பாருங்கள், அதுவும் வேலை ஆரம்பிக்கும் முன்பே, ஏனென்றால் வாயை அரை மணி நேரம் திறந்து வைத்துப் பல் காய்ந்தால் வெளுப்பாகத் தெரியும். அப்புறம் வெண்மையாக்கும் ஆசை இருந்தால் அதை முதலில் செய்துவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள், உடனே ஒட்டினால் பிடிப்புக் குறையும், ஒட்டின பசையோ பிறகு வெளுக்கவே வெளுக்காது. மூன்று வார லீவு இதற்கே சரியாகப் போய்விடும். வந்த மறுநாளே ஸ்கேலிங், அதாவது பல் காரை எடுத்துச் சுத்தம் செய்வது, கையோடு வெண்மையாக்கல், நடுவில் சொந்தக்காரர் வீடெல்லாம், மூன்றாம் வாரத் தொடக்கத்தில் ஒட்டு, மீதி நாலைந்து நாள் கடியைச் சரி பார்க்க. நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் பல்நூலை விட்டு இழுத்துப் பாருங்கள், நூல் பிசிறு பிசிறாகக் கிழிந்தால் ஓரம் சரியாகத் தேயவில்லை, அங்கே அழுக்குச் சேர்ந்து ஈறு வீங்கும். "சக்கரை, சிவசாமி" என்று சொல்லிப் பார்ப்பதும் நல்லது. எனக்கு இரண்டு நாள் விசில் அடித்தது.

வெனீர் என்பது பீங்கான் ஓடு. நிறம் மாறாது, நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து பதினைந்து வருடம் நிற்கும். ஆனால் பெரும்பாலும் பல்லின் மேல்தோலை அரை மில்லிமீட்டர் போலச் செதுக்குவார்கள், அது திரும்ப வளராது, அதற்குப் பிறகு ஆயுளுக்கும் அந்தப் பல்லுக்கு ஏதாவது ஒரு மூடி வேண்டும். ஒரு பல்லுக்கே ஆயிரக்கணக்கில் வெள்ளி. லேப் வேலைக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். தைப்பூசத்துக்கு வருபவர்கள் காலண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள், 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. பெருநாள் சமயத்தில் கிளினிக்கும் லேப்பும் மூடிக் கிடந்தால் தற்காலிக ஓட்டோடு விமானம் ஏற வேண்டியதுதான். ஒரே ஒரு சந்துக்கு எட்டு வெனீர் போடலாம் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

பல்லில் கம்பி மாட்டும் பிரேசஸ், கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற உறையான கிளியர் அலைனர், இரண்டும்தான் பல்லை உண்மையாகவே நகர்த்துகின்றன, பெரிய சந்துக்கும் பல இடத்தில் சந்து இருப்பவர்களுக்கும் அதுவே சரி. ஆனால் லீவில் ஆரம்பிக்காதீர்கள். பிரேசஸுக்கு மாதம் ஒரு முறை போல முறுக்க வேண்டும், ஒரு வருடம் ஒன்றரை வருடம் ஓடும். அலைனரைத் தினமும் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும், நாலைந்து செட்டைக் கையில் கொடுத்து அனுப்பினாலும் இடையில் பல் பிடிவாதம் பிடித்தால் பார்க்க ஆள் வேண்டும். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தொடங்குங்கள். சிங்கப்பூரில் இருந்து மாதா மாதம் வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. எதைப் போட்டாலும் முடிந்த பிறகு ரிட்டெய்னர், அதாவது பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கும் கருவி, கட்டாயம், முன்பல் சந்து மாதிரித் திரும்ப விரியத் துடிக்கும் இடம் வேறு கிடையாது.

இன்னொன்று, வீட்டுக்கே வந்து மலிவாக ஒட்டித் தருகிறோம், ஃபேஷன் பிரேசஸ் மாட்டுகிறோம் என்று போனில் வரும் விளம்பரங்கள். 2017இல் மலாக்காவில் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு ஹோட்டல் அறையில் பிரேசஸ் மாட்டிவந்த 20 வயதுப் பெண்ணுக்கு 70,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். பல் வைத்தியர் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடலாம், அந்த வருடத்துக்கான தொழில் சான்றிதழும் அவரிடம் இருக்க வேண்டும். கேட்க வெட்கப்படாதீர்கள். பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி 1949இலேயே வந்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் மிஸ்ஸியிடம் வாயைக் காட்டி வளர்ந்தவர்கள் நாம், முறையாகப் படித்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ரப்பர் பேண்டைப் பல்லில் மாட்டிச் சந்தை அடைக்கும் வீடியோக்கள் அதைவிட மோசம், அந்த ரப்பர் ஈறுக்குள் வழுக்கி வேர் வரை ஏறி எலும்பைத் தின்றுவிடும், நல்ல பல்லே ஆடி விழுந்துவிடும்.

ஐந்து வருட உத்தரவாதம் என்று சொன்னால் மயங்காதீர்கள், உடைந்தால் அதை வாங்கிக்கொள்ள நீங்கள்தான் பறந்து வர வேண்டும். அதைவிட, கிளம்பும்போது எக்ஸ்ரே, ஸ்கேன் ஃபைல், பயன்படுத்திய பசையின் பெயர், ஏ2வோ பி1ஓ அந்த நிற எண், எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். அங்குள்ள டாக்டர் ஓரத்தை ஒட்ட வேண்டி வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நான் தாளில் வாங்கினேன், அம்மா அதில் ஊறுகாய்ப் பாட்டிலைச் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்.