சிறைக் கைதிகளின் சாதி, மதக் கணக்கை எடுப்பது எப்படி?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரத் தொகுப்பையும் 2011 மக்கள்தொகைக் கணக்கையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

1. தொகுப்பு பிடிஎஃப் கோப்பாக இருக்கும். அப்படியே நகலெடுத்து ஒட்டினால் அட்டவணையின் நிரல்கள் கலந்துவிடும். டேபுலா என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள். எக்செலில் திறந்ததும் முதல் வேலை, எண்களில் உள்ள காற்புள்ளிகளை நீக்குவது. 4,34,302 என்பது எழுத்தாகவே நின்றுவிட்டால் கூட்டலில் சேராது, பிழை என்றும் காட்டாது.

2. தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி, தடுப்புக் காவல் கைதி மூவருக்கும் தனித்தனித் தாள் போடுங்கள். 2019 தொகுப்பில் முஸ்லிம்கள் தண்டனைக் கைதிகளில் 16.6%, விசாரணைக் கைதிகளில் 18.7%, தடுப்புக் காவலில் 35.8%. மக்கள்தொகையில் அவர்கள் 14.2%. தடுப்புக் காவலில் இருப்பவர்கள் மொத்தத்தில் மிகச் சிலர் என்பதால், மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால் அந்த 35.8% கண்ணிலேயே படாது.

3. பலரும் தவறுவது ஒப்பிடும் இடத்தில்தான். தமிழ்நாட்டுச் சிறைகளில் உள்ள பட்டியல் சாதியினரின் பங்கை நாட்டின் சராசரியான 16.6 சதவீதத்தோடு வைத்துப் பார்க்கக் கூடாது. மாநில மக்கள்தொகையில் அவர்கள் 20%. தவறான எண்ணை எடுத்தால் இல்லாத ஏற்றத்தாழ்வு இருப்பதாகத் தெரியும். அந்த ஒரு பிழையைக் காட்டியே உண்மையான ஏற்றத்தாழ்வையும் மறுத்துவிடுவார்கள்.

விகிதம் போடுவது எளிது: சிறைப் பங்கை மக்கள்தொகைப் பங்கால் வகுங்கள். 2019இல் நாடு முழுவதும் தண்டனைக் கைதிகளில் பழங்குடியினர் 13.6%, மக்கள்தொகையில் 8.6%. விகிதம் 1.58. ஒன்றுக்கு மேல் போனால் மக்கள்தொகைப் பங்கைவிடச் சிறையில் அதிகம் என்று பொருள்.

4. சாதி அட்டவணையையும் மத அட்டவணையையும் கூட்டாதீர்கள். இரண்டிலும் இருப்பது அதே ஆட்கள்தான். இன்னொன்று: பட்டியல் சாதிகளை வரையறுக்கும் 1950 ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியில் வருவார்கள். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். ஆகவே பட்டியல் சாதி எண்ணை ‘தலித் கைதிகள்’ என்று தலைப்பிடாதீர்கள். மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனி நிரல் கிடையாது.

5. 2016 தொகுப்பு வெளியானபோது சாதி, மத விவரம் அதில் இல்லை. வரைபடத்தில் அந்த ஆண்டைக் காலியாக விடுங்கள். முன்பின் ஆண்டுகளின் சராசரியால் நிரப்புவது ஏமாற்று.

6. தனித்தனிச் சிறைக்கான கணக்கு வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். “டிசம்பர் 31 நிலவரப்படி எண்ணிக்கை மட்டும், பெயர்கள் வேண்டாம்” என்று தெளிவாக எழுதுங்கள். பெயர் கேட்டால் தனிநபர் விவரம் என்று சொல்லி மறுக்க வழி கிடைத்துவிடும்.

பின்சேர்க்கை: 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதி நிரலை நீக்கச் சொன்னது. சாதி பார்த்து வேலை பிரிப்பதை ஒழிக்க வந்த நல்ல தீர்ப்பு அது. காப்பகம் புள்ளிவிவரம் திரட்டுவதற்கு அது தடையில்லை என்று பின்னர் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தீர்ப்பைக் காட்டி உங்கள் மனுவை மறுத்தால், மேல்முறையீட்டில் இந்தத் தெளிவுரையையும் இணையுங்கள்.