ரேடியேட்டர் விசிறியைத் தானாக இயங்க வைத்த அனுபவம்

என் பழைய காரின் ரேடியேட்டர் விசிறியை யாரோ சாவியைத் திருப்பியதும் வரும் மின்சாரத்தோடு (சாவி மின்சாரம்) நேரடியாக இணைத்திருந்ததால், அது குளிர்ந்த காலையிலும் ஓயாமல் சுழன்று காருக்கு மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்கு வீண் சுமையாக இருந்தது. 92 பாகை செல்சியஸில் இணைந்து 87 பாகையில் துண்டிக்கும் வெப்ப சுவிட்சை ரேடியேட்டரில் பொருத்தினேன். விசிறி இழுக்கும் மின்னோட்டத்தை அச்சிறு சுவிட்ச் தாங்காது என்பதால், சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் 40 ஆம்பியர் ரிலே ஒன்றைச் சேர்த்து, பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனைக்கும், 87ஆம் முனையிலிருந்து விசிறிக்கும் தடித்த கம்பி கொடுத்தேன். ரிலேயை இயக்குவதற்காக, 86ஆம் முனையைச் சாவி மின்சாரத்திலும், 85ஆம் முனையை வெப்ப சுவிட்ச் வழியாக எர்த்திலும் (காரின் உலோக உடல்) இணைத்தேன். ஃபியூஸைப் பேட்டரிக்கு அருகிலேயே வைக்க வேண்டும்; இல்லையெனில் கம்பி உராய்ந்து உலோகத்தைத் தொட்டால் தீப்பற்றும் அபாயம் உண்டு. முதல் ஓட்டத்தில் விசிறி இயங்கவே இல்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டில் அடைபட்டிருந்த காற்றை வெளியேற்றிய பிறகே சுவிட்சுக்குச் சூடு எட்டியது.