மூணாவது பேட்டரி வாங்கும் முன்

போன வாரம் நன்னிலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பழைய மாருதி 800-ஐக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, ரெண்டு வருஷத்துல இது மூணாவது பேட்டரி. இதுவும் டூப்ளிகேட் போலருக்கு." பானெட்டைத் திறந்தேன். பேட்டரி பளபளவென்று இருந்தது. அதன் மைனஸிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் எர்த் வயர் மட்டும் வண்டி வந்த நாளில் போட்டது. போல்ட்டைச் சுற்றிப் பச்சை பூத்துக் கிடந்தது.

திட்ட வாய் வரவில்லை. இதே கூத்தை நானும் ஆடியிருக்கிறேன்.

பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டுவது, லைட்டை அணைக்காமல் தூங்கப் போவது இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் யாருக்கும் மறக்காது. பட்ட பிறகும் தெரியாமல் காசைக் கரைப்பதுதான் வேறு கதை.

எர்த்தைப் பார்க்காமல் சாமானை மாற்றுவது

வயரிங் வேலை கற்றுக்கொள்வதற்கு முன் நான் வாங்கிய முதல் கார், 98 மாடல் 800, செகண்ட் ஹேண்ட். காலையில் செல்ஃப் எடுக்கும். மத்தியான வெயிலில் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி மாற்றினேன். இரண்டு வாரம் ஓடியது. செல்ஃப் மோட்டாரை இறக்கி பிரஷ், புஷ் போட்டேன். ஒரு மாதம் ஓடியது. அடுத்து டைனமோ. நடுவில் கிளட்ச் கேபிள் இறுகிக்கொண்டே இருந்தது, அதையும் இரண்டு தடவை மாற்றினேன். கிளட்ச்சுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் தோன்றவில்லை, காசு வாங்கின மெக்கானிக்குக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் சாயங்காலம் கொரடாச்சேரி ரயில்வே கேட். கேட் திறந்துவிட்டது, வண்டி எடுக்கவில்லை. பின்னால் ஹாரன். நான் சாவியைத் திருகிக்கொண்டே இருக்கிறேன், பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது. பானெட்டைத் தூக்கினால் கிளட்ச் கேபிளிலிருந்து புகை! பின்னால் நின்ற லாரி டிரைவர் இறங்கி வந்து ஒரு பார்வைதான் பார்த்தார். "எர்த்து போயிருச்சு தம்பி. கரண்டு கேபிள் வழியா போவுது." ஒரு ஜம்பர் வயரை எடுத்து பேட்டரி மைனஸில் ஒரு முனை, இன்ஜின் இரும்பில் மறுமுனை வைத்தார். முதல் திருகிலேயே எடுத்துவிட்டது. அதுவரை செலவழித்ததை அன்று ராத்திரி கூட்டிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

நம்ம ஊர்க்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். வயலுக்கு வாய்க்கால் மட்டும் இருந்தால் போதுமா? வடிகாலும் வேண்டும். பிளஸ் வயர் வாய்க்கால் என்றால் எர்த் வடிகால். போன கரண்டு பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். வடிகாலை அடைத்தால் தண்ணீர் வரப்பை உடைத்துப் பக்கத்து வயலில் இறங்குகிற மாதிரி, கரண்டு கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் என்று கிடைத்த இரும்பில் எல்லாம் பாயும். ஒரு லைட் போட்டால் இன்னொன்று மங்குவது, இண்டிகேட்டர் போட்டால் டெம்பரேச்சர் முள் ஆடுவது எல்லாம் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாகத்தானே காட்டியது என்பார்கள். காட்டும். சும்மா நிற்கிற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எர்த் வயரில் நூறு இழையில் நாலு இழை மிஞ்சியிருந்தாலும், மீட்டரைத் தடை அளக்கும் ஓம்ஸில் வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் நிற்பது வேறு, ஓடுவது வேறு. செல்ஃப் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும்.

அதனால் ஓடும்போது பாருங்கள். ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்டு கொடுக்கும் காயிலுக்குப் போகும் சின்ன கப்ளரைக் கழற்றிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, சுற்ற மட்டும் செய்யும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முள்ளை பேட்டரி மைனஸ் கம்பத்தின் தலையில் வையுங்கள், கிளாம்பில் அல்ல. சிவப்பு முள் இன்ஜினின் சுத்தமான இரும்பில். ஒருத்தரை சாவி திருகச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரிக் கடைப் பக்கம் போகாதீர்கள். பிளஸ் பக்கமும் இதே மாதிரிதான்: பேட்டரி பிளஸிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை.

கோளாறு தெரிந்தால் போல்ட்டைக் கழற்றி, லக் (வயர் முனையில் இருக்கும் வளையம்), அது உட்காரும் இடம் இரண்டையும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். இறுக்கிய பிறகுதான் வாசலின். நாகப்பட்டினம், வேதாரண்யம் வண்டியானால் தேய்ப்பதோடு நிறுத்தாமல் வயரையே மாற்றுங்கள். உப்புக் காற்று உறைக்குள் புகுந்து செம்பைத் தின்றிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கையால் மடக்கிப் பாருங்கள், உள்ளே நறநறவென்றால் செம்பு பொடியாகிவிட்டது.

அந்தத் தம்பி வண்டிக்கு ஒரு வயர், இரண்டு லக், அரை மணி நேரம். பழைய இரண்டு பேட்டரியையும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டாராம். அதிலே எது நல்ல பேட்டரியோ!

ஃப்யூஸ் போகிறதென்று பெரிய ஃப்யூஸ் போடுவது

அடுத்து வயர் போகும்.

ரிலே இல்லாமல் 100 வாட் பல்பு

ஹெட்லைட்டில் கம்பெனி பல்பு 60 வாட், ஒன்றுக்கு 5 ஆம்பியர். 100 வாட் இரண்டு போட்டால் 16-க்கு மேல். பல்புக்குக் கரண்டைத் தனி வழியில் விடும் ரிலே இல்லையென்றால் அத்தனையும் இருபது வருஷத்து ஸ்விட்ச் வழியாக. ஸ்விட்ச் உருகின பிறகு வருகிறார்கள்.

மீட்டரை மாட்டிக்கொண்டே செல்ஃப் அடிப்பது

ராத்திரியில் சார்ஜ் இறங்குகிறதா என்று பார்க்க மைனஸ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரைச் சேர்ப்பது சரிதான். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அரை ஆம்பியர் என்றால் 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி மூன்று நாளில் காலி. பிறகு ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கும்போது இறங்குகிறதோ அந்த லைன். அந்த நேரத்தில் மறந்துபோய் சாவியைத் திருகினால் மீட்டர் ஃப்யூஸ் பொசுங்கும். நான் மூன்று பொசுக்கியிருக்கிறேன்.

எலி

சம்பா அறுவடை முடிந்தால் வயல் எலிக்கு வயலில் வேலையில்லை, பானெட்டுக்குள் வந்துவிடும். கடித்த இடத்தில் மட்டும் டேப் சுற்றாதீர்கள். டேப் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்து அடுத்த ஐப்பசி மழைக்குள் பச்சை பூக்க வைக்கும். கடிபட்டதை வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போடுங்கள். கடித்தது ஒரு வயர்தான் என்றும் நம்பாதீர்கள், வயர்க் கட்டு முழுவதையும் பிரித்துப் பாருங்கள். முக்கியமாக, வைக்கோல் போர் ஓரமாக வண்டியை நிறுத்தாதீர்கள். என் மாமனாரிடம் நாலு வருஷமாகச் சொல்கிறேன். நிழல் அங்கேதான் இருக்கிறதாம்.