கோத்தகிரியின் கொம்பு

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பச்சைத் தேயிலை எடையைப் பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் பார் சார்ட்டாகப் போட்டேன். ஊர்ப்பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். அதன் இயல்பு எழுத்துருவான டெஜாவூ சான்ஸில் தமிழ் கிடையாதே! நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தேன், எழுத்து வந்தது. ஆனால் கோத்தகிரியின் இரட்டைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. குன்னூரில் உகரம் ககரத்தோடு சேராமல் தனியே தொங்கியது. நான் வைத்திருந்த மேட்பிளாட்லிப் பதிப்பு எழுத்துகளைக் கோக்காமல் வரிசையாக அடுக்குகிறது, அவ்வளவுதான்.

கடைசியில் அச்சில் வரவேண்டிய ஊர்ப்பெயர்களைக் காலியாக விட்டுப் படத்தைச் சேமித்தேன். பைத்தானின் பட நூலகமான பில்லோவில் திறந்து, எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ராக்ம் லேஅவுட்டில் பெயர்களை எழுதினேன். முதல் முறை மூன்று ஊரும் படத்தின் உச்சிக்குப் போய்விட்டன, மலையூர்தானே! மேட்பிளாட்லிப் உயரத்தைக் கீழிருந்து எண்ணும், பில்லோ மேலிருந்து. படத்தின் உயரத்திலிருந்து கழித்ததும் சரியானது. மேட்பிளாட்லிப்பில் சேமிக்கும்போது, ஓர வெற்றிடத்தைக் குறைக்கும் ‘டைட்’ மட்டும் கொடுக்காதீர்கள். ஓரம் வெட்டுப்பட்டு இடக்கணக்கு மாறிவிடும்.