பெரியப்பாவிடம் ஆணாதிக்கம் பற்றிப் பேசுவது எப்படி?

"இப்பெல்லாம் பொம்பளைங்க ராஜ்யந்தானே" என்று கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெரியப்பா ஆரம்பித்தால், கொள்கை பேசாதீர்கள். பேச்சைத் தோட்டத்துக்குத் திருப்புங்கள்: "பட்டாவுல அத்தை பேரு இருக்குதுங்களா?"

"அதான் பவுன் போட்டு சீர் செஞ்சாச்சே" என்பார். இங்கேதான் விடக்கூடாது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது, அப்போது கல்யாணமாகாதவர்களுக்கு. 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும். அப்புறம் எதற்கு அத்தையிடம், பங்கு வேண்டாம் என்று எழுதித்தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து? குரலை உயர்த்தாமல் கேளுங்கள். "மனசாரத்தான் போட்டா" என்றால், போடாத பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் என்ன மரியாதை என்று கேளுங்கள்.

ஆண்களுக்கும் கஷ்டம் உண்டு என்பார். சரி, தோட்டத்துக் கடன் அவர் தலையில்தான், ஒப்புக்கொள்ளுங்கள். அதுவும், நிலமும் பொறுப்பும் ஆண் பேரிலேயே இருக்கும் இதே ஏற்பாட்டின் விளைவுதான்.

முக்கியமாக, பெரியம்மா காபி கொண்டுவந்ததும் அவரையும் உட்காரச் சொல்லுங்கள்.