மூளைக் கட்டிக்கு கரண்ட் வைக்கிற 30 நாள், கூட இருக்கறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது

எங்க அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது மாமாவுக்கு, மூளைல கட்டின்னு ஆபரேஷன் பண்ணாங்க, பயாப்ஸில கிளியோபிளாஸ்டோமா கிரேடு 4னு வந்துச்சு, அதாவது வேகமா வளர்ற மூளைப் புற்றுநோய். அதான் கட்டிய எடுத்துட்டாங்கல்ல, அப்புறம் எதுக்கு கரண்ட்டுன்னு வீட்ல ஆளாளுக்கு கேட்டாங்க. இந்தக் கட்டி அருகம்புல் மாதிரிங்க. மேல புடுங்கி எடுத்தாலும் வேர் சுத்தி இருக்கற நல்ல மூளைக்குள்ள ஓடிப்போயிருக்கும், அதையும் வெட்டி எடுத்தா பேச்சு, கை கால் எல்லாம் போயிரும், அதனால கண்ணுக்குத் தெரியாம மிச்சம் இருக்கறத அழிக்கத்தான் கரண்ட்டுன்னு சொல்ற ரேடியேஷன். அந்த 30 நாளும் கூடவே போனவன் நான், அதுல கத்துக்கிட்டத இங்க எழுதுறேன், டோஸ் மாத்துறது மருந்து நிறுத்துறது எல்லாம் உங்க டாக்டர் சொல்றபடிதான்.

மொதல்ல ஒண்ணு, நம்ம ஊர்ல கரண்ட் கரண்ட்டுனு சொல்லியே பாதி பேர பயமுறுத்தி வச்சிருக்காங்க. ஷாக் அடிக்காது, சுடாது, வலிக்காது. லினாக்னு ஒரு மிஷின்ல இருந்து பவர் கூடின எக்ஸ்ரே தலைக்குள்ள குறி வச்சு போகும், உள்ள போய்ட்டு வர பத்து பதினஞ்சு நிமிஷம் அவ்ளோதான். வெளிய வந்தப்புறம் அவர் உடம்புல கதிர் எதுவும் மிச்சம் இருக்காது. எங்க வீட்ல பாப்பாவ ரெண்டு நாள் அவர் பக்கத்துலயே விடல, அந்தப் புள்ள அழுதத நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு. தாராளமா மடில உக்கார வைங்க.

வழக்கமான கணக்கு ஒரு நாளைக்கு 2 கிரே (கதிரோட அளவ கிரேன்னுதான் சொல்வாங்க), 30 தடவ, மொத்தம் 60 கிரே. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், ஆறு வாரம். கூடவே டெமோசோலமைடுன்னு ஒரு கீமோ மாத்திரை. 2005ல வெளியான ஒரு பெரிய ஆய்வுல இருந்துதான் இந்த முறை வந்துச்சு, ரேடியேஷன் மட்டும் குடுத்தவங்கள்ல ரெண்டு வருஷம் தாண்டினது நூத்துக்கு பத்து பேர், மாத்திரையும் சேத்து குடுத்தவங்கள்ல 26 பேர். முழுசா குணமாயிடும்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா கெடைக்கிற காலம் கூடும். வயசானவங்களுக்கு, உடம்பு தளர்ந்தவங்களுக்கு 15 நாள்ல 40 கிரேயோட முடிக்கிறதும் உண்டு, அதனால பக்கத்து பெட்காரருக்கு எத்தன நாள்னு பாத்து ஒப்பிடாதீங்க. பயாப்ஸி ரிப்போர்ட்ல எம்ஜிஎம்டின்னு கட்டியோட ஒரு மரபணு டெஸ்ட் பண்ணிருக்காங்களான்னு மட்டும் கேளுங்க, மாத்திரை எவ்வளவு வேல செய்யும்னு அதுல ஓரளவு தெரியும். கல்யாணம் ஆகாத பசங்க, இன்னும் கொழந்த வேணும்ங்கறவங்களா இருந்தா மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட அதப் பத்தி பேசிருங்க.

அப்புறம் மாஸ்க். வெந்நீர்ல ஊறவச்ச பிளாஸ்டிக் வலைய மொகத்துல போர்த்துவாங்க, வெதுவெதுன்னு இருக்கும், பத்து நிமிஷத்துல இறுகி மொகத்தோட அச்சு ஆயிடும். அதைப் போட்டு டேபிளோட பூட்டினாத்தான் தலை அசையாம இருக்கும். முடி வெட்டணும்னா மாஸ்க் செய்யறதுக்கு முன்னாடியே வெட்டிருங்க, அப்புறம் வெட்டினா மாஸ்க் லூஸாயிடும். மாமாவுக்கு மூச்சு முட்டுற மாதிரி இருந்துச்சு, டெக்னீஷியன் தம்பி வந்து "அண்ணே ஓட்ட வழியா காத்து வருது பாருங்க, கேமராவுல உங்களையே பாத்துட்டு இருப்பேன், வேணும்னா கைய தூக்குங்க, நிறுத்திருவேன்"னு சொன்னதுக்கப்புறம்தான் படுத்தாரு. இத மொத நாளே கேட்டு வச்சுக்கோங்க. மாஸ்க் செஞ்சதுக்கும் மொத நாள் ரேடியேஷனுக்கும் நடுவுல ஒரு வாரம் பத்து நாள் ஆகும், சும்மா இழுத்தடிக்கிறாங்கன்னு நெனைக்காதீங்க, சிடி ஸ்கேனையும் எம்ஆர்ஐயையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு கண் நரம்புக்கு, மூளைத்தண்டுக்கு கம்மியா போற மாதிரி கணக்கு போடுறது அந்த நாள்லதான்.

இப்ப மாத்திரை விஷயம், இதுலதான் நெறைய வீட்ல தப்பு நடக்குது. சனி ஞாயிறு ரேடியேஷன் லீவு, ஆனா டெமோசோலமைடு லீவு கெடையாது, ரேடியேஷன் நடக்குற ஆறு வாரமும் தெனம் போடணும். வெறும் வயித்துல, பொதுவா ரேடியேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, அதுக்கும் முன்னாடி வாந்தி மாத்திரை. கேப்ஸ்யூல பிரிச்சு தண்ணில கலக்கி குடுக்கக் கூடாது. டோஸ் உயரம் எடை பாத்து போடுவாங்க, 100 ஒண்ணு 20 ஒண்ணுன்னு ரெண்டு சேத்து வரும், அட்டை மாறிப்போகாம ஒரு நோட்டுல எழுதி டிக் அடிங்க. வாந்தி மாத்திரையால மலச்சிக்கல் வரும், இத யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க, மாமா நாலு நாள் கஷ்டப்பட்டாரு. ரெண்டாவது நாளே டாக்டர்ட்ட சொல்லி மருந்து கேளுங்க. வாரா வாரம் ரத்த டெஸ்ட் உண்டு, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழ போனா மாத்திரைய நிறுத்தி வைப்பாங்க, அதனால ரிசல்ட்ட பையில போட்டு மறந்துறாதீங்க, டாக்டர் கைல குடுங்க. நாட்டு மருந்து, கசாயம், யாரோ அனுப்புன பொடி, எதுவா இருந்தாலும் டாக்டர்ட்ட கேக்காம குடுக்க வேணாம்.

டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு, மூளை வீக்கத்துக்கு குடுக்குறது. தலைவலிய நல்லா கொறைக்கும், ஆனா சுகர் ஏறும், பசி ஏறும், ராத்திரி தூக்கம் போகும், தொடை வலு கொறஞ்சு உக்காந்த எடத்துல இருந்து எந்திரிக்க முடியாம போகும், வாயில வெள்ளையா படியும். ராத்திரி டோஸ் இல்லாம காலைலயும் மத்தியானமும் குடுக்கலாமான்னு கேளுங்க, தூக்கம் கொஞ்சம் தேவலாம். மொகம் வீங்கி மாஸ்க் இறுக்கினா சொல்லுங்க, புதுசா செஞ்சு தருவாங்க. தலைவலி இல்லையேன்னு நீங்களா சட்டுனு நிறுத்துறது ரொம்ப ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும்.

ரெண்டு மூணு வாரத்துல கதிர் போற எடத்துல மட்டும் முடி கொட்டும், திட்டு திட்டா. தலைல எண்ணெய், மஞ்சள், சந்தனம், தைலம் எதுவும் வேணாம், கொழந்தைங்க ஷாம்பு போட்டு மெதுவா கழுவி ஒத்தி எடுங்க, வெயில்ல பருத்தித் துண்டு கட்டிக்கலாம். மாமா தெனம் நெத்தி நெறைய விபூதி பூசற ஆளு, உள்ள போறதுக்கு முன்னாடி தொடைச்சுட்டு, வெளிய வந்ததும் அக்கா கையால பூசிப்பாரு.

அசதி நாலாவது வாரத்துக்கு மேல நல்லா தெரியும், முடிஞ்சு ரெண்டு மூணு வாரம் கழிச்சு இன்னும் கூடும், நாள் பூரா தூங்குவாரு. "என்ன இப்படியே படுத்து கெடக்குறீங்க"ன்னு கேட்டுறாதீங்க. சாயங்காலம் வாசல் வரைக்கும் ரெண்டு நட நடந்தா போதும். சட்டுனு எரிச்சல்பட்டு கத்தினா அது அவர் கொணம் இல்ல, கட்டி இருந்த எடம், ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை எதுவேணா காரணமா இருக்கலாம், டாக்டர்ட்ட சொன்னா சில சமயம் மாத்திரை மாத்தித் தருவாங்க.

வலிப்பு வந்தா கைல சாவி, இரும்பு குடுக்கறது, வாய்ல கரண்டி வைக்கறது எதுவும் பண்ணாதீங்க. ஒருக்களிச்சு படுக்க வைங்க, பக்கத்துல இடிக்கிற பொருள நகத்துங்க, மணியப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா, இல்ல ஒண்ணு முடிஞ்சு நெனவு வராமயே அடுத்தது வந்தா 108. காச்சல் 100.4க்கு மேல போனா, தலைவலியோட வாந்தி விடாம எடுத்தா, ஒரு பக்கம் கை கால் புதுசா தளர்ந்தா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க. பைக், கார் எதையும் அவர் ஓட்ட வேணாம்.

நாள் தவறாம முடிக்கறது ரொம்ப முக்கியம், கட்டிக்கு ஓய்வு குடுக்கக் கூடாது. நாங்க போன எடத்துல மிஷின் ரெண்டு நாள் ரிப்பேர், முன்னாடி யாரும் சொல்லல, விடியக்காலை பஸ் புடிச்சு மூணு மணி நேரம் அவர உக்கார வச்சு கூட்டிட்டு போயி அப்படியே திரும்பி வந்தோம். அதுக்கப்புறம் கெளம்புறதுக்கு முன்னாடி டெக்னீஷியன் ரூமுக்கு ஒரு போன் போடுறது வழக்கமாயிடுச்சு. பண்டிகை லீவு வந்தா அந்த நாள எப்ப ஈடு கட்டுவீங்கன்னும் கேளுங்க. முடிஞ்சா ஆஸ்பத்திரி பக்கத்துலயே ரூம் எடுங்க. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல ரேடியேஷன் வரும், கார்டு இருந்தா மொத நாளே காப்பீட்டு கவுண்டர்ல காட்டுங்க. கேன்சர் பேஷண்ட்டுக்கும் கூட வர ஒருத்தருக்கும் ரயில்ல சலுகை உண்டு, அதுக்கான ஃபார்ம டாக்டர்தான் கையெழுத்து போட்டு தரணும். கடன் வாங்கியாவது புரோட்டான்னு செலவு கூடின வேற வகை ரேடியேஷனுக்கு போலாமான்னு நாங்களும் அலைஞ்சோம், இந்தக் கட்டிக்கு லினாக்ல எக்ஸ்ரே வச்சு குடுக்குற சாதாரண ஐஎம்ஆர்டி முறைய விட அது ஆயுசக் கூட்டுதுன்னு நிரூபணம் ஆகல, அந்தப் பணம் ரேடியேஷன் முடிஞ்சப்புறமும் தொடர்ற டெமோசோலமைடு மாத்திரைக்கும் ஸ்கேனுக்கும் வேணும்.

முடிஞ்சு சுமார் ஒரு மாசத்துல எம்ஆர்ஐ எடுப்பாங்க. மாமாவோட ரிப்போர்ட்ல கட்டி பெருசான மாதிரி இருக்குன்னு போட்டிருந்துச்சு, அக்கா வராண்டாலயே உக்காந்து அழுதுட்டா. மொத மூணு மாசத்துல ரேடியேஷனோட வீக்கமே ஸ்கேன்ல கட்டி வளந்த மாதிரி தெரியறது உண்டாம், டாக்டர் மாத்திரைய தொடரச் சொல்லி ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி எடுத்தாரு, சின்னதாத்தான் இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படியே ஆகும்னு இல்ல, ஆனா ரிப்போர்ட்ட நீங்களா படிச்சு முடிவு பண்ணாம, இது நிஜமாவே வளர்ச்சியா இல்ல வீக்கமா, அடுத்த ஸ்கேன் எப்பன்னு கேளுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்ததுல இருந்து எல்லா ஸ்கேன் படம் இருக்கற டிஸ்க்கையும் மேல தேதி எழுதி ஒரே கவர்ல போட்டு வைங்க, ஒப்பிட்டு பாக்க அவங்களுக்கு பேப்பர் ரிப்போர்ட் பத்தாது, படம்தான் வேணும்.